பத்தா, இருபதா, முப்பதா? - ஒரு சாக்கடை எண்ணின் கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகம்ங்கிற சாக்குல தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். நடுவுல கூட்டல் வகுத்தல் கணக்கு வேற வரும். பொட்டி தட்டுறவன் சாக்கடையைப் பத்தி எழுதினா இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருநெல்வேலி வண்ணார்பேட்டை. (சென்னை வண்ணாரப்பேட்டை இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ்ல இதை விளக்கி விளக்கியே பாதி உசிரு போயிருச்சு.) போகிக்கு மறுநாள் காலைல துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு ஆத்துக்குக் கிளம்பினேன். வாசல்ல உக்காந்திருந்த ஆச்சி கேட்டா, "எய்யா, எங்க கெளம்பிட்ட?" பேராச்சி அம்மன் கோவில் படித்துறைக்குன்னேன். "அங்கன முங்காத. வேணும்னா கால மட்டும் நனைச்சிட்டு வா"ன்னுட்டா.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அந்தப் படித்துறையில என்னைத் தூக்கி முக்கி எடுத்ததே இந்த ஆச்சிதான். வருஷம் முன்னூத்தறுபத்தஞ்சு நாளும் விடியக்காலைல ஆத்துல முங்கி, ஈரச்சேலையோட அம்மனைக் கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து காப்பி போடுறவ. எப்போ நிறுத்தினான்னுகூட எனக்குத் தெரியாம போச்சு. கேட்டா, "ஒடம்பெல்லாம் அரிக்குது, பெறவு எதுக்கு?"ன்னு ஒத்தை வரியில முடிச்சிட்டா.

ஆத்துல சாக்கடை கலக்குதுங்கிறது நெல்லைக்காரன் எல்லாருக்கும் தெரியும். அதுக்காக இந்தப் பதிவு இல்லை. சாக்கடையைச் சுத்தம் பண்ணித்தான் ஆத்துல விடணும், எவ்வளவு சுத்தம் பண்ணணும்னு சட்டத்துல ஒரு எண் இருக்கு. அந்த எண் எங்கேருந்து வந்துது, சின்ன ஊர்களுக்கு மட்டும் அதுல ஏன் சலுகைன்னு தேட ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் ராத்தூக்கம் போச்சு. அவ்வளவு சுவாரசியமான கதை, நம்புங்க.

*

முதல்ல அந்த எண் என்னன்னு பார்ப்போம். பி.ஓ.டி.ன்னு சொல்வாங்க. எஞ்சினியரிங் படிச்ச எல்லாரும் சுற்றுச்சூழல் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி எழுதி, பரீட்சை ஹாலை விட்டு வெளிய வந்ததும் மறந்த சமாச்சாரம். தண்ணியில கெடக்கிற அழுக்கைக் கிருமிகள் தின்னும். தின்னும்போது தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும். ஒரு லிட்டர் தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்ன எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் வேணும்ங்கிறதுதான் பி.ஓ.டி. அழுக்கு கூடக் கூட எண் கூடும். வீட்டுச் சாக்கடை சுமாரா 200, 250 இருக்கும். நல்ல ஆத்துத்தண்ணி 2 பக்கம். நம்ம நாட்டு விதிப்படி மனுசன் குளிக்கிற தண்ணியில 3-க்கு மேல போகக் கூடாது. இந்த 3-ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் வரும்.

கதை ஆரம்பிக்கிறது இங்கிலாந்துல. 1898-ல கழிவுநீர் அகற்றலுக்குன்னு ஒரு ராயல் கமிஷன் போட்டாங்க. நம்மூர் கமிஷன்தான் இழுக்கும்னு நெனச்சா, அது 1915 வரைக்கும் பதினேழு வருஷம் ஓடியிருக்கு! ஆனா சும்மா ஓடல. 1912-ல வந்த அதோட எட்டாவது அறிக்கையிலதான் உலகம் முழுக்க இன்னிக்கும் எதிரொலிக்கிற ரெண்டு எண் வந்துது. சுத்திகரிச்ச கழிவுநீர்ல பி.ஓ.டி. 20, மிதக்கிற திடப்பொருள் 30. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குல.

எப்படி சோதிக்கணும்னா, தண்ணியை அஞ்சு நாள் வெச்சிருந்து பார்க்கணும், வெப்பம் 65 டிகிரி பாரன்ஹீட். அது என்ன அஞ்சு நாள்? அந்த நாட்டு ஆறுகள் எதுவும் கடல்ல போய்ச் சேர அஞ்சு நாளுக்கு மேல எடுத்துக்காது, அதனாலன்னு காலங்காலமா சொல்லப்படுற காரணம். 65 டிகிரிங்கிறது அவங்க ஊர்க் கோடை. அதாவது அந்தத் தீவோட நீளமும் அந்த ஊர் வெயிலும் சோதனைக்குள்ளேயே உக்காந்திருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு அது சரிவராதுன்னு பிற்பாடு இந்தியாவுல 27 டிகிரி செல்சியஸ், மூணு நாள்னு மாத்திக்கிட்டாங்க. ஆக, இது வானத்துலேருந்து விழுந்த எண் இல்லை. ஒரு ஊருக்காக, ஒரு ஆத்துக்காக யோசிச்சுப் போட்ட எண்.

இதைவிட முக்கியமான ஒண்ணு அந்த அறிக்கையில இருக்கு. இந்த 20-ம் 30-ம் சும்மா வரல, ஒரு நிபந்தனையோட வந்துது: ஒரு பங்கு கழிவுநீருக்குக் குறைஞ்சது எட்டுப் பங்கு நல்ல ஆத்துத்தண்ணி இருக்கணும். ஆத்துல தண்ணி ரொம்ப அதிகமா ஓடினா விதி தளரும். நூத்தம்பதிலேருந்து முன்னூறு பங்குத் தண்ணி இருந்தா திடப்பொருள் 60 வரைக்கும் விடலாம், பி.ஓ.டி. பார்க்க வேண்டாம். ஐநூறு பங்குக்கு மேல ஓடினா இந்தச் சோதனை எதுவுமே வேண்டாம்னு விட்டுட்டாங்க. எட்டுக்கும் கீழ போனா 20-ஐவிடக் கடுமையா இருக்கணும்.

கவனிச்சீங்களா? சலுகை இருக்கு. ஆனா சலுகை குடுத்தது ஆத்துல ஓடுற தண்ணியைப் பார்த்து. ஊர் பெருசா சின்னதான்னு பார்த்து இல்லை.

சரி, அது ஏன் சரியா 20? இதுக்குத்தான் நான் ராத்திரி ஒரு மணிக்குப் பேப்பரை எடுத்தேன். எட்டுப் பங்கு ஆத்துத்தண்ணி, பி.ஓ.டி. 2. எட்டு ரெண்டு பதினாறு. ஒரு பங்கு கழிவுநீர், 20. மொத்தம் 36. ஒம்போது பங்கால வகுத்தா 4. கச்சிதமா 4! ஆத்துல பி.ஓ.டி. 4-ஐத் தாண்டினா அது கெட்ட ஆறுங்கிறது கமிஷனோட முடிவு. அதிலேருந்து பின்னோக்கி வந்த எண்தான் 20. கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், யாரோ எழுதின பழைய புரோகிராம்ல காரணமே சொல்லாம ஒரு எண் கெடக்கும், தோண்டிப் பார்த்தா உள்ள ஒரு கணக்கு இருக்கும். அந்தச் சந்தோஷம் எனக்கு.

அப்படியே நம்ம 3-ஐ வெச்சு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கழிவுநீர் 30-ஆ இருந்தா ஆறு 5.1 ஆகும். 20-ஆ இருந்தா 4. 10-ஆ இருந்தா 2.9. ஆக, எட்டுப் பங்குத் தண்ணி ஓடுற ஆத்துல ஆச்சி முங்கணும்னா, மேல இருக்கிற ஊர்க்காரன் 10-க்குக் கொண்டுவந்துதான் விடணும். 30 போதாது, 20-ம் போதாது.

*

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். நடுவுல ஒரு சின்ன தகவல். 1914-ல மான்செஸ்டர்ல ஆர்டன், லாக்கெட்னு ரெண்டு பேர், கழிவுநீருக்குள்ள காத்தை ஊதிக் கிருமியை வளர்த்துச் சுத்தம் பண்ற முறையைக் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு உலகத்துல பாதி சுத்திகரிப்பு நிலையம் அந்த வழியிலதான் ஓடுது. அவங்களுக்கு வழிகாட்டியா இருந்த கில்பர்ட் ஃபவுலர் கொஞ்ச நாள்லயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியரா வந்துட்டார். டிராஃபிக்ல அந்தக் காம்பவுண்டைத் தாண்டிப் போற நெல்லைப் பசங்க அடுத்த தடவை ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க.

1973-ல இந்தியத் தர நிறுவனம் கழிவுநீருக்கு ஒரு தரம் வெளியிட்டுது. பி.ஓ.டி. 20, திடப்பொருள் 30. லண்டன் எண் அப்படியே. ஆனா எட்டுப் பங்குத் தண்ணிங்கிற நிபந்தனை கூட வரல. அது கப்பல்லயே தவறி விழுந்துடுச்சு போல. அடுத்த வருஷம், 1974-ல, தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம். தமிழ்நாட்டுல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது 1982. 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதோட விதிகள்ல 1993-ல பொதுவான கழிவு வரம்புகளைச் சேர்த்தாங்க. ஆத்துல விடுற கழிவுக்கு பி.ஓ.டி. 30, திடப்பொருள் 100.

இந்த இடத்துல நான் நிமிர்ந்து உக்காந்தேன். 20 இருந்த இடத்துல 30. 30 இருந்த இடத்துல 100. இந்த 30-ம் 100-ம் எங்கேருந்து வந்துதுன்னு பார்த்தா, அது தொழிற்சாலைக் கழிவுக்குன்னு ஏற்கெனவே வெச்சிருந்த எண். 1973 தரத்துக்குச் சட்ட பலம் கெடையாது, 1993 விதிக்கு உண்டு. அந்த வகையில முன்னேற்றம்தான். ஆனா எண் தளர்ந்துது, யாரும் சத்தம் போடல. சலுகை சலுகைன்னு பின்னாடி 2017-ல எல்லாரும் பேசினாங்களே, என்னைக் கேட்டா பெரிய சலுகை 1993-லயே சத்தமில்லாம வந்து உக்காந்துடுச்சு. குடல்ல இருந்து வர்ற கிருமி எவ்வளவு இருக்கலாம்னு அந்தப் பொது வரம்புல ஒரு வரி கெடையாது. ஆத்துல முங்குறவனுக்கு வயித்தாலப் போறதுக்குக் காரணம் பி.ஓ.டி. இல்லை, அந்தக் கிருமிதான்.

2015 நவம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு விட்டுது. அடேங்கப்பா ரகம். பி.ஓ.டி. 10, திடப்பொருள் 20, நைட்ரஜன் 10, மலக்கிருமி நூறு மில்லிக்கு 100-க்குக் கீழ. நாடு முழுக்க ஒரே எண். ரெண்டு வருஷம் கழிச்சு 2017 அக்டோபர் 13-ம் தேதி இறுதி அறிவிக்கை வந்துது. அதுல பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 20, திடப்பொருள் 50. மத்த ஊர்களுக்கு 30, 100. நைட்ரஜனும் பாஸ்பரஸும் காணவே காணோம். மலக்கிருமி எல்லாருக்கும் 1000. பழைய நிலையங்களுக்கு அஞ்சு வருஷம் அவகாசம்.

பெருநகரம்னா எது? சென்னை, மும்பை, டெல்லி மாதிரி பேர் சொல்லி ஒரு பட்டியல், அதோட பெரும்பாலான மாநிலத் தலைநகரங்கள். தமிழ்நாட்டுல சென்னை மட்டும் அதுல வரும். மதுரை, கோயம்புத்தூர், நாலே முக்கால் லட்சம் பேர் இருக்கிற (2011 கணக்கு) நெல்லை மாநகராட்சி, மேல இருக்கிற அம்பாசமுத்திரம், எல்லாம் ஒரே மூட்டையில 'மத்த ஊர்'. கூவம் இருபது, தாமிரபரணி முப்பது. கூவத்துல யாருங்க குளிக்கிறா?

நியாயமா ஒண்ணு சொல்லணும். சின்ன ஊருக்கு 2017-ல எண் ஏறல. 1993-ல இருந்த அதே 30-ம் 100-ம்தான். பறிபோனது 2015-ல காட்டின ஆசை மட்டும்தான். மலக்கிருமிக்கு ஒரு தேசிய வரம்பு வந்ததே இதுலதான், அதுக்குக் கைதட்டணும். ஆனா நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் விட்டதுதான் எனக்கு உறுத்துது. ஆத்துல பச்சைப் பாய் விரிச்ச மாதிரி அமலைச்செடி கெடக்குது பாருங்க, அதுக்குச் சோறு போடுறதே அந்த ரெண்டும்தான். வருஷா வருஷம் ஆள் விட்டு அள்ளுவாங்க, திரும்ப முளைக்கும்.

*

இந்தக் கணக்கையெல்லாம் நோட்டுல போட்டு எடுத்துக்கிட்டு, சிவில் படிச்ச ஒரு நண்பனைப் பார்க்கப் போனேன். நெல்லை மாவட்டத்துக்கு வெளிய, பேர் சொல்ல வேண்டாம், ஒரு சின்ன ஊர் சுத்திகரிப்பு நிலையத்துல வேலை பார்த்தவன். டீக்கடையில நோட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சான்.

"மக்கா, நீ முப்பதுக்கும் பத்துக்கும் சண்டை போடுத. சாக்கடை அப்படியே வந்து விழுந்தா எவ்வளவுன்னு கணக்குப் போட்டியா?"

போடல. உடனே போட்டேன். பதினாறும் 250-ம் 266. ஒம்போதால வகுத்தா 29.6.

"அம்புட்டுதான்டே. ஒண்ணுமே இல்லாத ஊர்ல ஆறு முப்பது. ஒரு குளம் மாதிரி வெட்டித் தேக்கி வெச்சாலே கழிவு முப்பதுக்கு வந்துரும், ஆறு அஞ்சுக்கு வந்துரும். கரண்டு பில் பெருசா கெடையாது, ஆள் ரெண்டு பேர் போதும். நீ பத்து கேட்டா ராத்திரி பகலா காத்து ஊதணும், வடிகட்டி வேணும், குளோரின் வேணும், லேப்ல ஒரு கெமிஸ்ட் வேணும். எங்க ஊர்ல மோட்டார் ரிப்பேர் ஆனா மெக்கானிக் வர மூணு நாள். முப்பதுன்னு சொல்லு, கட்டுவான். பத்துன்னு சொல்லு, பிளான் மட்டும் போட்டு பீரோவுல வெப்பான்."

பதில் சொல்ல முடியல. ஏன்னா அவன் சொல்றதுல பெரும்பகுதி உண்மை. 250-லேருந்து 30-க்கு வரும்போதே அழுக்குல 88 சதவீதம் போயிருது. 30-லேருந்து 10-க்கு வர்றது இன்னொரு 8 சதவீதம்தான், செலவு மட்டும் எகிறும். மத்திய வாரியம் 2021-ல வெளியிட்ட கணக்குப்படி நாட்டு நகரங்கள்ல ஒரு நாளைக்கு உண்டாகிற கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். நூத்துக்கு 28. மீதி 72-க்கு பத்தும் கெடையாது, முப்பதும் கெடையாது, ஓடை வழியா நேரா போகுது.

நண்பன் கட்சிக்கு அமெரிக்காவுலயே ஆதாரம் இருக்கு. 1972-ல அவங்க சட்டம் போட்டப்போ எல்லா ஊருக்கும் 30 - 30தான். சின்ன ஊர்கள்ல குட்டையும், கல் படுகையில தண்ணி தெளிக்கிற பழைய வடிகட்டியும் வெச்சிருந்தவங்களால முடியல. 1981-ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1984-ல அந்த மாதிரி நிலையங்களுக்கு மட்டும் 45 வரைக்கும் விட்டாங்க. ஆனா அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. கீழ இருக்கிற ஆறு கெட்டுப் போகக் கூடாது.

இங்க என்ன ஆச்சு? 2017 அறிவிக்கையை எதிர்த்து நிதின் சங்கர் தேஷ்பாண்டேங்கிறவர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். தீர்ப்பாயம் ஒரு நிபுணர் குழுவைக் கேட்டுது. குழு மூணு படியாப் பிரிச்சுக் குடுத்துது. பெருநகரத்துக்கு 10, லட்சம் பேருக்கு மேல உள்ள ஊருக்கு 20, அதுக்கும் சின்ன ஊருக்கு 30. ஏழு வருஷம் அவகாசம். அந்தப் படியில நெல்லை 20, அம்பாசமுத்திரம் 30. 2019 ஏப்ரல் 30-ம் தேதி தீர்ப்பாயம் அந்தப் படியையே தூக்கிப் போட்டுடுச்சு. பெருநகரத்துக்குச் சொன்ன 10 எல்லா ஊருக்கும் பொருந்தும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்த்து, பழைய நிலையமோ புதுசோ, ஏழு வருஷம் எல்லாம் கெடையாதுன்னு உத்தரவு.

படிச்சதும் எனக்கு விசில் அடிக்கத் தோணிச்சு. அப்புறம் நண்பன் முகம் ஞாபகம் வந்துது. எண் சரி, என் நோட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்லுது. ஆனா 'தாமதம் இல்லாம'ங்கிற வார்த்தைக்கு மெக்கானிக் வர மூணு நாள் ஆகுற ஊர்ல என்ன அர்த்தம்?

ஐரோப்பாக்காரன் இதை வேற மாதிரி பண்ணியிருக்கான். 1991-ல அவங்க போட்ட விதியில ரெண்டாயிரம் பேருக்கு மேல உள்ள ஊர் ஆத்துல விட்டா பி.ஓ.டி. 25. பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் அதே 25தான். வித்தியாசம் கெடுவுல. பதினஞ்சாயிரத்துக்கு மேல உள்ள ஊருக்கு 2000-ம் வருஷக் கடைசி, அதுக்குக் கீழ உள்ளதுக்கு 2005. சின்ன ஊருக்கு அஞ்சு வருஷம் கூட. சலுகைன்னா அதான் எனக்குச் சரின்னு படுது. நாளைக் கூட்டிக் குடு, காசு குடு, மெக்கானிக் குடு. எண்ணைத் தொடாதே. 2024-ல அந்த விதியைத் திருத்தி ஆயிரம் பேர் உள்ள ஊர் வரைக்கும் கீழ இறக்கிட்டாங்க.

நம்ம பக்கம் நண்பன் கட்சியும் ஜெயிக்கல, தீர்ப்பாயம் சொன்னதும் முழுசா நடக்கல. சின்ன ஊர்கள்ல பெரும்பாலும் பாதாளச் சாக்கடையே கெடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிறைஞ்சா லாரி. லாரி எங்க போய்க் கொட்டுதுன்னு யாரும் கேக்குறதில்லை. 2014-ல தமிழ்நாடு அரசு இதுக்குன்னு வழிமுறை போட்டுது, லாரித்தண்ணியைப் பக்கத்துல உள்ள சுத்திகரிப்பு நிலையத்துல கொண்டுபோய் விடணும்னு. பேரூராட்சிகளுக்குச் சின்னச் சின்ன கசடு நிலையங்கள் வர ஆரம்பிச்சதும் அதுக்கப்புறம்தான். சத்தமில்லாம நடக்குற உருப்படியான வேலை இதுதான்னு நண்பனும் ஒத்துக்கிட்டான்.

*

இப்போ நம்ம ஆறு. பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் சுமார் 128 கிலோமீட்டர். இங்கிலாந்து ஆறு மாதிரியே குட்டை ஆறுதான். ஆனா வழியில எட்டு அணைக்கட்டு. ஒவ்வொண்ணும் தண்ணியைத் தேக்கிக் கால்வாயில பிரிச்சு விடுது. பாசனத்துக்கு அருமையான ஏற்பாடு. சாக்கடைக்கு? எட்டுப் பங்குத் தண்ணியில ஒவ்வொரு பங்கா வயலுக்குப் போயிரும், சாக்கடை மட்டும் சேர்ந்துக்கிட்டே வரும். மார்கழி வெள்ளத்துல ஐநூறு பங்கு என்ன, ஐயாயிரம் பங்கு ஓடும் (2023 டிசம்பர்ல ஓடினதை மறக்க முடியுமா?). சித்திரையில பாறை தெரியும்போது மூணு பங்குதான் ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ 30 விட்டா ஆறு 9. 10 விட்டாக்கூட 4. ஆச்சிக்கு 3 வேணும். விதி எழுதினவங்க சித்திரைத் தாமிரபரணியை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

வரிசையா ஊர்களைச் சொல்லிப் பாருங்க. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, முக்கூடல். எல்லாம் லட்சத்துக்குக் கீழ. தனித்தனியாப் பார்த்தா எல்லாரும் சின்னப் பிள்ளைங்க, சலுகை குடுக்கலாம்னுதான் தோணும். ஆறு தனித்தனியாப் பார்க்காதே. அது கூட்டிக்கிட்டே வரும். 2018-ல மத்திய வாரியம் நாடு முழுக்க 351 மாசுபட்ட ஆத்துப் பகுதிகளைப் பட்டியல் போட்டப்போ தாமிரபரணியும் அதுல இருந்துது. பாப்பான்குளத்துலேருந்து ஆறுமுகநேரி வரைக்கும். கடைசி வகை, அதாவது இருக்கிறதுலேயே லேசான வகை, பி.ஓ.டி. 3-க்கு மேல 6 வரை. அதே 2018 அக்டோபர்லதான் புஷ்கரம்னு லட்சக்கணக்கான சனங்க வந்து முங்கிட்டுப் போனாங்க.

மேல இருக்கிறவனைச் சொல்லிட்டு நாம தப்பிக்க முடியாது. வண்ணார்பேட்டையைத் தாண்டிப் போற தண்ணியைத்தான் சீவலப்பேரியில எடுத்து விருதுநகர் மாவட்டத்துக்குக் கொண்டு போறாங்க, வல்லநாட்டுல எடுத்துத் தூத்துக்குடிக்குக் குடுக்கிறாங்க. அருப்புக்கோட்டைக்காரனுக்கு நெல்லைதான் மேல இருக்கிற ஊர். கீழ இருக்கிறவனுக்கு நீ மாநகராட்சியா பேரூராட்சியாங்கிறது எதுக்கு? 2024 நவம்பர்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேர்ல வந்து கரையில எறங்கிப் பார்த்துட்டுப் போனாங்க, ஆத்தைச் சுத்தம் பண்ணக் கேட்டுப் போட்ட வழக்குக்காக.

1843-ல கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார் சொந்தக் காசைப் போட்டு இந்த ஆத்து மேல பாலம் கட்டினார். இன்னிக்கும் அதுமேலதான் ஜங்ஷனுக்குப் போறோம். துணி வெளுக்கிற சனங்க குடியிருந்த பேட்டைங்கிறது எங்க ஊர்ப் பேர்லயே இருக்கு. துவைக்க ஆறு தேடி வந்தவங்க பேர்ல ஒரு ஊர், அங்க முங்காதேன்னு ஆச்சி சொல்றா. இதை வெச்சு நாலு வரி உருகி எழுதலாம், ஆனா நமக்கு அது வராது.

ஊர்லேருந்து கிளம்புற அன்னிக்கு நோட்டை எடுத்து ஆச்சிக்கு விளக்கிச் சொன்னேன். பி.ஓ.டி. எல்லாம் சொல்லல, அழுக்கு மார்க்குன்னு சொன்னேன்.

"எத்தனை இருந்தா முங்கலாம்?"

"மூணு வரைக்கும்."

"இப்ப எத்தனைய்யா?"

"2018-ல மூணுக்கும் ஆறுக்கும் நடுவுலன்னு போட்டிருக்கு ஆச்சி."

"அது ஏழெட்டு வருசம் முன்னால. இப்ப எத்தனைன்னு கேக்கேன்."

அடுத்த தடவை வரும்போது பாட்டில்ல பிடிச்சு லேப்ல குடுத்துப் பார்த்துச் சொல்றேன்னு சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன். மூணு நாள், 27 டிகிரி. லீவுதான் கிடைக்கணும்.

டிஸ்கி: கணக்குல ஆத்துத்தண்ணி எப்பவும் 2-னு வெச்சிருக்கேன். அது ராயல் கமிஷனோட நல்ல ஆறு. நம்ம ஆறு ஏற்கெனவே 3-ல வந்தா, எட்டுப் பங்கு ஓடினாலும், 30 விடும்போது 6 ஆகும், 10 விடும்போது 3.8. வழியில ஆறு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிறதையும் நான் சேர்க்கல. சிவில் படிச்ச அண்ணாச்சிகள் யாராவது கணக்குல ஓட்டை இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.